நடுச்சுவரில் ஏறிய ஈரம்

எங்கள் வீட்டுக்கும் என் கணவருடைய அண்ணன் வீட்டுக்கும் நடுவே ஒரே ஒரு சுவர்தான். சிவகாசியில் என் மாமனார் கட்டிய வீடு அது. அவர் போன பிறகு அண்ணனும் தம்பியும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். வீட்டின் நடுவில் இருந்த செங்கல் சுவரில் கதவு வைத்திருந்த இடங்களை அடைத்து, அதே சுவரை மாடிவரை உயர்த்தினார்கள். கிழக்குப் பாதி எங்களுக்கு, மேற்குப் பாதி அவர்களுக்கு. பின்னால் இருக்கும் கொல்லையை மட்டும் பிரிக்கவில்லை. துணி காயப்போடுவதும் பாத்திரம் கவிழ்ப்பதும் இரண்டு வீட்டுக்கும் அங்கேதான்.

அந்தப் பக்கம் இருந்த என் ஓரகத்தியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். என்னைவிட ஏழு வயது மூத்தவள். சத்தமாகப் பேசுவாள். கொல்லை முருங்கையை யாரையும் கேட்காமல் ஒடிப்பாள். ஒடித்ததில் பாதியை என் பின்வாசலில் போட்டுவிட்டுப் போவாள். டிவியில் யாராவது சிரிக்கப்போகிறார்கள் என்று தெரிந்தாலே முதலில் அவள் சிரிப்பது சுவர் தாண்டி எனக்குக் கேட்கும். சின்ன வயதிலிருந்தே அவளுக்கு இழுப்பு உண்டு. மழை நாட்களில் நெஞ்சுக்குள் விசில் மாதிரி ஒரு சத்தம் ஓடும். மாடிப்படி ஏற முடியாது. அவள் கணவரை நான் அத்தான் என்பேன். அவர் நாரணாபுரம் பக்கம் சின்னதாகப் பட்டாசுக் கம்பெனி நடத்தினார். காலையில் போனால் பொழுது சாயத்தான் வருவார். ஒரே மகன், விருதுநகரில் குடும்பத்தோடு இருக்கிறான். ஆகவே பகல் முழுவதும் சுவருக்கு அந்தப் பக்கம் அவளும் இந்தப் பக்கம் நானும்தான்.

என் கணவருக்குக் காலண்டர் அச்சடிக்கும் தொழில். தினத்தாள்களின் ப்ரூஃப் வீட்டுக்கு வந்துவிடும். தேதி, கிழமை, நட்சத்திரம், ராகுகாலம், நல்ல நேரம் என்று ஒவ்வொரு தாளாக ஒப்பிட்டுப் பார்த்து, பிசகியிருந்தால் சிவப்புப் பேனாவால் சுழிப்பது என் வேலை. இருபது வருடத்துக்கு மேலாகச் செய்கிறேன். அச்சுக்கூடத்தில் எத்தனை பேர் பார்த்தாலும் தப்பை நான்தான் கண்டுபிடிப்பேன் என்று எனக்கு ஒரு கர்வம் இருந்தது. இப்போது யோசித்தால், அந்தக் கர்வம் ப்ரூஃபோடு நின்றிருக்க வேண்டியது.

முதலில் கண்ணில் பட்டது ஓர் ஆவணி மாதத்தில். சீசன் என்பதால் அச்சுக் கம்பெனியில் இடம் போதாமல், கட்டிய காலண்டர்களை எங்கள் ஹாலின் பின்பக்கம் அந்தச் சுவரை ஒட்டி அடுக்கியிருந்தோம். வெளியூர் ஆர்டருக்கு லாரி வந்தது. மேல் கட்டுகளை எடுத்துவிட்டு அடியில் இருந்ததைத் தூக்கிய லோடுமேன் அப்படியே நின்றுவிட்டார்.

"அம்மா, அடிக்கட்டெல்லாம் ஊறிக் கிடக்கு. கையோட வருது பாருங்க."

காலண்டர் அட்டை பிய்ந்து அவர் கையில் இருந்தது. பின்னால் சுவரைப் பார்த்தேன். தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்குப் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பியிருந்தது. இடையிடையே வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. விரலால் தொட்டதும் பூச்சு மாவு மாதிரி உதிர்ந்தது.

அந்த இடத்துக்கு நேர் எதிரே, சுவரின் அந்தப் பக்கம், அக்காவின் அடுப்படிச் சிங்க். நான் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. கொல்லை வழியாகப் போய்ச் சொன்னேன்.

"அக்கா, உங்க சிங்க் ஒழுகுது. எங்க சுவரு பூரா ஊறிப் போச்சு. காலண்டர் ஒரு அடுக்கு வீணாப் போச்சுக்கா."

"அய்யய்யோ, எங்கன?" என்று உடனே கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். குனிந்து சுவரைத் தொட்டாள். விரலை மோந்து பார்த்தாள். "ஏ புள்ள, சிங்க் தண்ணின்னா நாறணுமே. இது நல்ல தண்ணியால்ல இருக்கு."

அவள் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பேசுகிறாள் என்றுதான் எனக்குத் தோன்றியது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே அத்தான் ஆள் கூட்டிவந்து சிங்க்கைக் கழற்றினார். பைப்பில் ஓட்டையோ விரிசலோ எதுவும் இல்லை. இருந்தாலும் எங்கள் திருப்திக்காகப் புதுப் பைப் போட்டார். இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் ஈரம் இடுப்பு உயரத்துக்கு ஏறியிருந்தது. நான் மறுபடியும் போய்ச் சொன்னேன். இந்தத் தடவை என் குரலும் ஏறியிருந்தது. அத்தான் அடுப்படிக்கு வரும் தண்ணீரையே அடைத்துவிட்டார். பதினைந்து நாள் அக்கா கொல்லையில் உட்கார்ந்து பாத்திரம் தேய்த்தாள். குடத்தில் தண்ணீர் தூக்கிப் போகும்போது நடுவில் நின்று மூச்சு வாங்குவாள். பின்வாசலில் நின்று நான் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு குடம் தூக்கிக் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை.

பதினைந்து நாள் கழித்தும் ஈரம் குறையவில்லை.

"பாத்தியா, எங்க தண்ணி இல்ல" என்றாள் அக்கா.

"ஊறின சுவரு காய மாசக்கணக்காகும்க்கா. பதினஞ்சு நாள்ல என்ன தெரியும்?" என்றேன்.

அந்தச் சித்திரையில் கொல்லைத் தரையில் கால் வைக்க முடியாத வெயில். துணி போட்ட கையோடு காய்ந்தது. அப்போதும் அந்தச் சுவர் மட்டும் ஈரமாகவே இருந்தது. மழைத் தண்ணீர் இல்லை, நித்தம் புழங்கும் தண்ணீர்தான் சுவருக்குள் இறங்குகிறது என்பது அதிலேயே தெளிவாகிவிட்டது. யார் வீட்டில் புழங்கும் தண்ணீர் என்று மட்டும் நான் கேட்டுக்கொள்ளவில்லை. அருப்புக்கோட்டையில் இருக்கும் நாத்தனாரிடம் சொன்னேன். கல்யாண வீட்டில் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தவர்களிடம் சொன்னேன். "அவுக சிங்க் ஒழுகி எங்க வீடு நாசமாகுது, கேட்டா ஒத்துக்கிட மாட்டேங்காக." இதை எத்தனை பேரிடம் சொன்னேன் என்று எனக்கே நினைவில்லை.

ஒருநாள் காலையில் கம்பெனிக்குப் போகிற சட்டையோடு அத்தான் எங்கள் ஹாலுக்கு வந்தார். என் கணவர் பேப்பரை மடித்து வைத்தார். அத்தான் உட்காரவில்லை.

"நாங்க அடைச்சுப் பாத்துட்டோம். நீங்களும் ஒரு பத்து நாள் மாடி பாத்ரூம்ல தண்ணி புழங்காம இருந்து பாருங்க. சும்மா ஒரு பரிசோதனைக்குத்தான்."

மாடியில் முன்பக்க அறையை ஒட்டி, என் மகளின் தலைப்பிரசவத்தின்போது புதிதாகக் கட்டிய பாத்ரூம் அது. சுவருக்குள் பதித்த பைப், சுடுதண்ணீருக்குக் கீசர் எல்லாம் வைத்துக் கட்டியது. அந்த வாரம் மகள் இரண்டாவது கைக்குழந்தையோடு வந்திருந்தாள். எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"மாடி பாத்ரூம் தெருப் பக்கம் இருக்கு. சுவர் ஊறுறது கொல்லைப் பக்கம். அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம் அத்தான்? பச்சப்பிள்ளய வச்சுக்கிட்டு எம்மக தண்ணிக்கு எங்கன போவா? உங்க தப்ப எங்க தலையில கட்டப் பாக்கீகளா?"

"அப்படியில்லம்மா. அவ என்ன சொல்றான்னா..." என்று அவர் ஆரம்பித்தார்.

பின்வாசலில் அக்கா நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. "போதும், வாங்க. கம்பெனிக்கு நேரமாச்சு" என்றாள். அவர் பேச்சை நிறுத்திக்கொண்டு போய்விட்டார். அவள் என்ன சொல்கிறாள் என்பதை நான் கேட்கவில்லை. என் கணவர் மட்டும், "பத்து நாள்தான, அடைச்சுப் பாத்துருவமே" என்று மெதுவாகச் சொன்னார். நான் பார்த்த பார்வையில் மறுபடியும் பேப்பரை விரித்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு நான் கொத்தனாரைக் கூப்பிட்டேன். அச்சங்குளத்திலிருந்து வருகிறவர், எங்கள் கம்பெனி ஷெட்டைக் கட்டியவர். விரல் முட்டியால் சுவரைத் தட்டிக்கொண்டே மேலேயும் கீழேயும் போனார். ஓரிடத்தில் பூச்சைக் கொத்திச் செங்கல்லைப் பார்த்தார். அங்கே வீடு பிரிப்பதற்கு முன்னால் போட்ட பழைய கரண்டு பைப் ஒன்று, ஒயர் இல்லாமல் சுவருக்குள் போவதைக் காட்டினார்.

"இது எங்கன போகுது?"

"பழசு. யாருக்குத் தெரியும்? நீங்க பூசி விடுங்க" என்றேன்.

அவர் கரண்டியைத் துடைத்துப் பைக்குள் வைத்தார். "தண்ணி எங்கன இருந்து வருதுன்னு பாக்காம பூசக் கூடாதும்மா. இந்தப் பக்கம் அடைச்சா அது வேற பக்கம் வழி தேடும். மொத மூலத்தப் பாருங்க. அப்புறம் சொல்லியனுப்புங்க, வாரேன்."

நான் அவருக்குச் சொல்லியனுப்பவில்லை. ஈரம் தடுக்கும் மருந்து அடிக்கிறோம், பத்து வருட கேரண்டி என்று சொன்ன வேறோர் ஆளைப் பிடித்தேன். அவர்கள் நான்கு நாள் வேலை செய்தார்கள். ஆள் உயரத்துக்குப் பழைய பூச்சு முழுவதையும் கொத்தி இறக்கினார்கள். செங்கல் இடுக்குகளில் சிமெண்ட்டைத் திணித்தார்கள். அந்தப் பழைய பைப்பின் வாயையும் அடைத்தார்கள். அதற்கு மேல் சாம்பல் நிறத்தில் ஒரு மருந்தை இரண்டு தடவை பூசி, மேலே புதுப் பூச்சு, அதற்கும் மேலே டைல்ஸ். வேலை முடிந்ததும் சுவர் கண்ணாடி மாதிரி இருந்தது. படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில், 'ஒருவழியாக எங்கள் பிரச்சினையை நாங்களே தீர்த்துக்கொண்டோம்' என்று போட்டேன். யாரைக் குத்துகிறேன் என்று எல்லோருக்கும் தெரியும். கைகூப்பும் எமோஜி ஒன்றை அக்கா பதிலாகப் போட்டிருந்தாள்.

இரண்டு மாதம் எங்கள் சுவரில் ஒரு பொட்டு ஈரம் இல்லை. ஐப்பசி மழை ஆரம்பித்த சமயம், அக்கா கொல்லையில் நின்று என்னைக் கூப்பிட்டாள். பேச்சு குறைந்திருந்த காலம் அது. அவள் அப்படிக் கூப்பிட்டே நாளாகியிருந்தது.

"ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போ."

அடுப்படிக்கு அடுத்தது அவள் படுக்கும் அறை. ஒடுக்கமான அறை. ஒரு கட்டில், ஒரு பீரோ வைத்தால் நடக்கத்தான் இடம் இருக்கும். நடுச்சுவரை ஒட்டித்தான் கட்டில் போட முடியும். அந்தச் சுவரில் தலையணை இருக்கும் இடத்திலிருந்து ஸ்விட்ச் பெட்டிவரை கறுப்பாகப் பூஞ்சணம் படர்ந்திருந்தது. ஸ்விட்ச் பொறி தட்டுகிறது என்று இணைப்பைப் பிடுங்கியிருந்தார்கள். அறைக்குள் நுழைந்ததும் ஊறிய சாக்கு வாடை அடித்தது. கட்டிலின் மேல் மூச்சுக்கு இழுக்கும் மருந்துக் குப்பி கிடந்தது.

"நீங்க அந்தப் பக்கம் பூசுன பொறவுதான் இப்படி. முன்னாடி இந்த ரூம்ல ஈரமே கிடையாது, தெரியும்ல? டாக்டர் இந்த ரூம்ல படுக்கவே கூடாதுங்கார். ஹால்ல படுக்கலாம்னா அங்கன பூரா அவரு கம்பெனி அட்டைப் பெட்டியா அடுக்கி வச்சிருக்காக." பேசும்போதே இரண்டு தடவை நின்று மூச்செடுத்தாள். "நான் உங்கூடச் சண்டைக்கு வரல. அந்தப் பூச்ச கொஞ்சம் எடுத்து விடச் சொல்றியா? எங்கன இருந்து வருதுன்னு ரெண்டு பேரும் சேந்து பாப்போம்."

நான் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்: "உங்க தண்ணி இம்புட்டு நாளும் எங்க பக்கம் வந்துச்சு. இப்ப உங்க பக்கமே திரும்பிருக்கு. மொதல்லயே சரி பண்ணிருந்தா இந்த நெலம வந்திருக்குமாக்கா?"

அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து குப்பியை எடுத்து இழுத்தாள். நான் வந்துவிட்டேன்.

கார்த்திகையில் விடாமல் மழை. அத்தான் ஹாலில் இருந்த பெட்டிகளை ஒதுக்கிக் கட்டிலை அங்கே மாற்றினார் என்று பிறகுதான் தெரிந்தது. அதற்குள் அவளுக்குக் காய்ச்சல் பிடித்திருந்தது. ஒரு காலை, ஆம்புலன்ஸ் வாசலில் நின்றது. முகத்தில் ஆக்சிஜன் மூடியோடு அவளை ஏற்றினார்கள். நான் நடையில் நின்றுகொண்டிருந்தேன். என்னைப் பார்த்துக் கையை லேசாகத் தூக்கினாள். வா என்றா, வருகிறேன் என்றா, தெரியவில்லை. மதுரையில் பதினோரு நாள் இருந்தாள். நெஞ்சில் சளி கட்டி நிமோனியா ஆகிவிட்டது என்றார்கள். நான் ஒரே ஒரு தடவை போய்ப் பார்த்தேன். அப்போது அவளுக்கு நினைவில்லை. பன்னிரண்டாம் நாள் உடலைத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள்.

ஈரச் சுவர்தான் காரணம் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. ஏற்கெனவே நுரையீரல் பலவீனம், ஈரமும் பூஞ்சணமும் ஆகாத உடம்பு என்றார்களாம். காரியம் முடியும்வரை எல்லா வேலையும் நானே இழுத்துப்போட்டுச் செய்தேன். வந்தவர்களுக்குக் காபி கொடுத்தேன், பாத்திரம் கழுவினேன், அழுதேன். அழுகை பொய்யில்லை. ஆனால் அப்போதும் உள்ளுக்குள், இவர்கள் அந்தச் சிங்க்கை ஒழுங்காகப் பார்த்திருந்தால் என்று ஒரு குரல் ஓடிக்கொண்டேதான் இருந்தது.

பங்குனியில் எங்கள் மேல்தொட்டியில் தண்ணீர் நிற்காமல் போயிற்று. காலையில் நிரப்பினால் மத்தியானம் காலி. பிளம்பர் வந்தார். ஒவ்வொரு வால்வாக அடைத்துவிட்டுத் தொட்டி மட்டத்தைப் பார்த்தார். மாடி பாத்ரூமின் சுடுதண்ணீர் வால்வை அடைத்ததும் தண்ணீர் நின்றது. திறந்தால் இறங்கியது. கீசருக்குக் கீழே இரண்டு டைல்ஸை உடைத்தார். சுவருக்குள் பைப் திரும்பும் எல்போவில் மயிரிழை மாதிரி ஒரு விரிசல். அதற்குக் கீழே, தரைக்கடியில் நிரப்பிய மணல் முழுவதும் சேறாகிக் கிடந்தது.

"இது இன்னைக்கு நேத்து ஒழுகுனது இல்ல. வருசக்கணக்கா ஒழுகிருக்கு. மொத துளித்துளியா வந்திருக்கும், இப்பத்தான் பெருசாயிருக்கு" என்றார்.

"கீழ முன் ரூம்ல ஒரு சொட்டு ஈரம்கூட இல்லையே?"

அவர் சேற்றைத் தோண்டி எடுத்துவிட்டு உள்ளே டார்ச் அடித்தார். தளத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய கரண்டு பைப் ஓடியது. நடுச்சுவருக்குள் நுழைந்து பின்பக்கமாகப் போனது. "இந்தா இருக்கு வழி. இந்தப் பைப்புக்குள்ள விழுந்து எங்கனயோ போயிருக்கு. சொட்டு நீலம் இருந்தா கொண்டாங்க. கலக்கி ஊத்துவோம். எங்கன நீலம் தெரியுதோ அதான் இடம்."

ஒரு வாளித் தண்ணீரில் நீலத்தைக் கலக்கிக் கொண்டுபோனேன். அவர் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார். எங்கள் ஹால் சுவரில் எதுவும் தெரியவில்லை. தெரியாது. அந்தப் பைப்பின் வாயை அடைத்து, மேலே மருந்து பூசி, டைல்ஸ் ஒட்டியவள் நான்தான்.

"பக்கத்து வீட்லயும் பாக்கணும்மா" என்றார் பிளம்பர்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. அத்தான் வீட்டில்தான் இருந்தார். கொல்லை வழியாகப் போய் அவர் வீட்டுப் பின்வாசலில் நின்றேன். என்ன சொல்லிக் கூப்பிட்டேன் என்று நினைவில்லை. அக்காவின் அறையைப் பார்க்க வேண்டும் என்றேன். அவர் எதற்கு என்று கேட்கவில்லை. சாவியை எடுத்துவந்து பூட்டைத் திறந்தார். அவள் போன பிறகு அந்த அறையைப் பூட்டியே வைத்திருந்தார். ஜன்னலைத் தள்ளினார்.

செத்துக் கிடந்த ஸ்விட்ச் பெட்டியின் அடியிலிருந்து நீலமாக ஒரு கோடு இறங்கிக்கொண்டிருந்தது. கறுத்த பூஞ்சணத்தின் மேலே வழிந்து, கட்டில் போட்டிருந்த இடத்தில் தரையைத் தொட்டு, மெதுவாகப் பரவியது.

இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். மாடியில் பிளம்பர் இன்னொரு குவளை ஊற்றியிருக்க வேண்டும். சுவருக்குள் களக்கென்று ஒரு சத்தம் கேட்டது. அத்தான் தலையை நிமிர்த்தினார்.

"இந்தச் சத்தத்தத்தான் சொன்னா" என்றார். "உங்க மாடியில ஆளு குளிச்சா இங்கன சுவருக்குள்ள தண்ணி ஓடுற சத்தம் கேக்குன்னு, நீங்க பூசுறதுக்கு முன்னாடியே சொன்னா. அதக் கேட்டுத்தான் நான் உங்க வீட்டுக்கு வந்தேன். சொல்ல விடாமக் கூட்டிட்டு வந்துட்டா. நாம தப்பக் கண்டுபிடிச்சோம்னா சின்னவ தாங்க மாட்டா, பேச்சே நின்னுபோகும், மெதுவாத் தானே பாத்துக்கிடுவான்னா."

அத்தான், அத்தான் என்று இரண்டு தடவை சொன்னேன். காலில் விழப் போனேன். அவர் விலகிக்கொண்டார்.

"நீங்க போங்கம்மா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பழக்கமில்லாத ஒருத்தியிடம் சொல்வதைப் போலச் சொன்னார். நான் வெளியே வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டார்.

பிளம்பர் எல்போவை மாற்றியது ஒரு மணி நேர வேலை. அடுத்த நாள் அச்சங்குளம் கொத்தனாருக்கு நானே போன் செய்தேன். அவர் வந்து பார்த்தார். முன்னமே சொன்னேனே என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. எங்கள் பக்கத்து டைல்ஸ், மருந்து, பூச்சு எல்லாவற்றையும் செங்கல்வரைக்கும் உரித்தெடுக்கச் சொன்னார். "ரெண்டு பக்கமும் மூச்சு விடணும். கோடை முடியுற மட்டும் தொறந்தே கிடக்கட்டும். உப்பு வெளிய வரும். வர வரத் தட்டி எடுங்க, தண்ணி ஊத்திக் கழுவாதீங்க." தினமும் காலையில் தென்னை ஈர்க்குமாற்றால் செங்கல்லில் பூத்த உப்பைத் தட்டிக் கூட்டி அள்ளினேன். ஒவ்வொரு நாளும் ஒரு முறம் அளவுக்கு உதிரும். வேலைக்கு வரும் பெண் செய்கிறேன் என்றாள். நான் விடவில்லை. அந்தச் சுவர் காய ஐந்து மாதம் பிடித்தது.

அந்த மாதங்களில் இன்னொரு காரியமும் செய்தேன். யார் யாரிடம் அக்காவைப் பற்றிச் சொன்னேனோ, நினைவில் இருந்தவர்களுக்கெல்லாம் போன் செய்தேன். தண்ணீர் எங்களுடையது, அவர்களுடையது இல்லை என்றேன். நாத்தனார், "இப்பச் சொல்லி என்னாகப் போகுது? போனவ வரவா போறா? விடு" என்றார். இன்னொருத்தி, எதைப் பற்றிச் சொல்கிறேன் என்றே தெரியாமல், "எந்தச் சுவரு?" என்று கேட்டாள். நான் சொன்ன அவதூறை அவள் எப்போதோ மறந்துவிட்டாள். குடும்பக் குழுவிலும் எழுதினேன். பெரும்பாலானவர்கள் பதில் போடவில்லை. என் மகள் மட்டும் அழைத்து, "அம்மா, அன்னைக்குப் பத்து நாள் நான் கீழ குளிச்சிருப்பேனே" என்றாள்.

என் கணவர் அன்றும் இன்றும் என்னைக் குறை சொன்னதில்லை. ஆனால் சாயங்காலங்களில் தனியாக அண்ணன் வீட்டுக்குப் போய் உட்கார்ந்துவிட்டு வருவார். அங்கே என்ன பேசினார்கள் என்று நான் கேட்பதில்லை, அவரும் சொல்வதில்லை.

ஆடி மாதம் அத்தான் கம்பெனியை வேறு ஒருவருக்கு விட்டுவிட்டு விருதுநகரில் மகன் வீட்டுக்குப் போய்விட்டார். போகும் முன் அவர் பக்கத்துச் சுவரையும் கொத்திப் பூச நான் ஏற்பாடு செய்கிறேன் என்று கணவரிடம் சொல்லியனுப்பினேன். வேண்டாம், கொத்தனார் நம்பர் மட்டும் போதும் என்று பதில் வந்தது. அவரே ஆள் வைத்துச் செய்தார். வருடத் திதிக்கு மகனோடு வந்தார். அந்த அறையில்தான் படையல் போட்டார்கள். நான் கூப்பிடாமலே போய் ஓரமாக நின்றேன். ஐயர் என்னையும் பூப்போடச் சொன்னார். போட்டேன். கிளம்பும்போது நடையில் அத்தான் என்னைப் பார்த்து, "சொகமா இருக்கீகளா?" என்று கேட்டார். "இருக்கேன் அத்தான்" என்றேன். அதற்கு மேல் இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை. விசேஷ வீடுகளில் பார்த்தால் இப்போதும் அதே கேள்வி, அதே பதில்தான்.

இந்த வருடம் அவர் பாதியை வாடகைக்கு விட்டிருக்கிறார். அச்சுக்கூடத்தில் வேலை பார்க்கும் ஒருவர், மனைவி, இரண்டு பிள்ளைகள். சாமான் இறக்கிய அன்று அந்தப் பெண் கொல்லையில் என்னிடம் கேட்டாள்: "ஏம்மா, இந்த ரூம்ல மட்டும் புதுப்பூச்சா இருக்கே, சுவர்ல ஈரம் வருமோ?"

"வராது" என்றேன். "வந்துச்சுன்னா அது எங்க வீட்டுத் தண்ணியாத்தான் இருக்கும். அன்னைக்கே எங்கிட்டச் சொல்லிருங்க. நான் சண்ட போட்டாலும் விடாதீக."

அவளுக்குப் புரியவில்லை. எப்படி அவ்வளவு உறுதியாகச் சொல்கிறீர்கள் என்று கேட்டாள். வாளியைக் கீழே வைத்துவிட்டு, முதலிலிருந்து எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். முடித்ததும், "எந்த எடத்துலம்மா படுத்திருந்தாக?" என்று மட்டும் கேட்டாள். கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன்.

அந்த அறையில் இப்போது யாரும் படுப்பதில்லை. பிள்ளைகளின் சைக்கிளும் பழைய சாமான்களும் போட்டு வைத்திருக்கிறார்கள்.